எங்கள் நாயகருக்கு யார் வாரிசு?

2003ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, பதினாறு பக்கங்களை நகலெடுத்து மடித்து, முதுகில் இரண்டு கம்பி அடித்து, நண்பர்கள் மூவர் வெளியிட்ட ஒரு தமிழ்ப் படக்கதை, ஆண்டுக்கு இரண்டு இதழ் என்ற கணக்கில் சிங்கப்பூரில் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அதன் நாயகர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் தொழிலாளி. இருட்டிய பிறகு முகமூடி அணிந்து கடலுக்குள் இறங்குவார். உப்புநீருக்கு அடியில் மூச்சுவிடும் ஆற்றல் அவருக்கு உண்டு. தொடக்கத்திலிருந்து அவரை வரைந்துவரும் ஓவியரை நாங்கள் அனைவரும் அண்ணன் என்றே அழைக்கிறோம். அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. சென்ற மாதம் ஈசூனில் உள்ள அவருடைய வீட்டில் நாங்கள் கூடியிருந்தபோது, நாயகரின் முகமூடி விளிம்புக்கு மை தீட்டிக்கொண்டிருந்தவருடைய தூரிகை கண்ணுக்கு மேலே சற்று விலகிப் போயிற்று. வெள்ளை மை பூசித் திருத்தினார், மறுபடியும் விலகியது, மீண்டும் திருத்தினார். மூன்றாவது முறை தூரிகையைக் கழுவித் துணியில் ஒற்றி வைத்துவிட்டு, "இவன் ஓயட்டும்ப்பா, நானும் ஓஞ்சுக்கிறேன்" என்றார்.

வண்ணம் தீட்டும் பொறுப்பைக் கடந்த மூன்று ஆண்டுகளாக ஏற்றிருப்பவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி. அவரால் நாயகரை அண்ணனின் கோட்டிலேயே வரைந்துவிட முடியும், வரைந்தும் காட்டினார். ஆகவே எங்கள் முன் இருப்பது ஓவியரை மாற்றும் சிக்கல் மட்டும் அன்று. நாயகரும் அண்ணனோடு விடைபெறுவதா, அப்படியானால் அவருடைய இடத்தில் யாரை நிறுத்துவது, எந்த வழியில் நிறுத்துவது என்பதே கேள்வி. வழிகளை ஒப்பிட்டு எழுதித் தரும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக அமெரிக்கப் படக்கதை நிறுவனங்கள் இதே கேள்வியோடு போராடி, பெருவெற்றியும் படுதோல்வியும் கண்டிருப்பதால், அவர்களுடைய அனுபவத்தை எங்கள் சிறிய இதழின் அளவுக்கு வைத்துப் பார்ப்பதே நேர்மையான முறை என்று கருதினேன்.

முதல் வழி, எதையும் மாற்றாமல் விடுவது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1939இல் தோன்றிய பேட்மேனும், 1962இல் பதினைந்து வயதுப் பள்ளி மாணவனாக அறிமுகமான ஸ்பைடர்மேனும் இன்றும் இளமையோடுதான் இருக்கிறார்கள். அவர்களுடைய கடந்த காலம்தான் வாசகருக்குத் தெரியாமல் நகர்த்தி வைக்கப்படுகிறது. எங்கள் தலைமுறைக்கு நெருக்கமான சான்று வேதாளர். முத்து காமிக்ஸ் வேதாளர் என்றும் ராணி காமிக்ஸ் மாயாவி என்றும் அழைத்த அந்த முகமூடி வீரரை லீ ஃபாக் 1936இல் படைத்தார். வாரிசு என்ற கருத்தையே அடித்தளமாகக் கொண்ட முதல் நாயகர்களுள் அவர் ஒருவர். 1536இல் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்து, கொலையாளியின் மண்டையோட்டின் மேல் உறுதிமொழி எடுத்த முதல் வேதாளருக்குப் பின், தந்தையிடமிருந்து மகனாக இருபத்தொரு தலைமுறை அந்த முகமூடியை அணிந்திருக்கிறது. எதிரிகள் அனைவரும் அவர் ஒரே மனிதர், சாவே இல்லாதவர் என்று நம்புகிறார்கள். ஆனாலும் இவ்வளவு அழகான வாரிசு ஏற்பாட்டைக் கையில் வைத்திருந்த லீ ஃபாக், 1999இல் தாம் மறையும் வரை, இருபத்தொன்றாம் வேதாளரை மாற்றவே இல்லை. இருபது பேர் மாறியதெல்லாம் கதை தொடங்குவதற்கு முன்பு நடந்தது. வாசகர் கண்முன் மாற்றுவது வேறு வகையான துணிச்சலைக் கேட்கும் செயல் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நான் எண்ணுகிறேன்.

மாற்றாமல் விடும் வழி எங்களுக்கு ஏன் பொருந்தாது என்பதைத் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு வாசகி எனக்குப் புரியவைத்தாள். பழைய இதழ் ஒன்றையும் புதிய இதழ் ஒன்றையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, "அங்கிள், இந்தத் துறைமுகம்தான் மாறுதே, இவர் மட்டும் ஏன் மாறவே இல்ல?" என்று கேட்டாள். பேட்மேனின் காத்தம் நகரம் கற்பனை. அதை எந்த ஆண்டிலும் நிறுத்தி வைக்கலாம். எங்கள் நாயகரோ உண்மையான கரையோரத்தில் வாழ்பவர். 1972இல் முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தபோது அவருடைய தந்தை அங்கே கூலித் தொழிலாளியாக நின்று பார்த்தார் என்று முதல் இதழிலேயே எழுதிவிட்டோம். நகரத் துறைமுக முனையங்கள் 2027க்குள் தீவின் மேற்கிலுள்ள துவாசுக்கு இடம்பெயர வேண்டிய நிலையில், அவர் ஏறி நின்ற பாரந்தூக்கிகளே அங்கு இல்லாமல் போகின்றன. சுற்றியுள்ள அனைத்தும் மூப்படையும்போது அவரை மட்டும் முப்பத்தெட்டு வயதிலேயே வைத்திருப்பது, அவரை மதிப்பதாகாது என்பது என் முடிவு.

இரண்டாவது வழி, நாயகர் உயிர்த்தியாகம் செய்ய, அவரிடம் பயின்ற இளையவர் அந்த இடத்துக்கு வருவது. ஃப்ளாஷ் என்ற நாயகரின் வரலாறு இதற்கு உயர்ந்த சான்று. மின்னல் வேகத்தில் ஓடும் பேரி ஆலன் 1985இல் உலகைக் காப்பாற்றி மாண்டபோது, 1959 முதல் சிறிய ஃப்ளாஷாக அவரோடு ஓடிய வாலி வெஸ்ட் அந்தச் சிவப்பு உடையை அணிந்துகொண்டார். வாலி, பேரியின் மனைவிக்கு அண்ணன் மகன். அதாவது வாசகர்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த வீட்டுப் பிள்ளை. இவ்வளவு உரிமை இருந்தும் அவரை வாசகர்கள் மனமார ஏற்பதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த ஏற்பு நிகழ்ந்த இடம் 1993இல் வெளிவந்த ஒரு கதைத் தொடர். மாண்ட பேரி திரும்பி வந்துவிட்டதாக அனைவரும் மகிழ, வந்தவர் பேரியின் உருவில் இருக்கும் பழைய எதிரி என்பது பின்னர் தெரிகிறது. அவரை எதிர்க்கும்போதுதான் வாலி தம்மைப் பற்றி ஓர் உண்மையைக் கண்டுகொள்கிறார். இத்தனை ஆண்டுகளாகத் தாம் முழு வேகத்தில் ஓடாமல் இருந்ததற்கு உடல் காரணமில்லை. பேரியை விஞ்சிவிட்டால் பேரி உண்மையாகவே போய்விடுவார் என்ற அச்சமே காரணம். அதை உணர்ந்த பிறகுதான் அவர் பேரியைத் தாண்டி ஓடுகிறார். இழந்தவரை விட்டுக்கொடுக்க வாசகருக்கு எவ்வளவு தயக்கம் இருந்ததோ அவ்வளவு தயக்கம் வாரிசுக்கும் இருந்தது. இருவரும் ஒரே கணத்தில் அந்தத் தயக்கத்தைக் கடந்ததால்தான் அந்தக் கதை இன்றும் பேசப்படுகிறது.

இந்த வழிக்கு எங்கள் குழுவில் உறுதியான ஆதரவு இருக்கிறது. கதை உரையாடல்களைத் திருத்தித் தரும் தமிழாசிரியை அக்கா, சாவைக் கண்டு ஒதுங்கும் கதை பிள்ளைகளை ஏமாற்றும் கதை என்று வாதிடுகிறார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் படக்கதை உலகில் சாவு தன் மதிப்பை இழந்துவிட்டதை நாம் கணக்கில் எடுத்தாக வேண்டும். 1992 நவம்பரில் வெளியான இதழில் சூப்பர்மேன் மாண்டார். நான்கு பேர் அவருடைய இடத்துக்கு உரிமை கோரி வந்தனர். அடுத்த ஆண்டே அவர் திரும்பிவிட்டார். பேரி ஆலனும்கூட 2008இல் திரும்பி வந்தார். அவர் வந்ததும், இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயரைத் தாங்கிய வாலி ஓரத்துக்கு நகர்ந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இதையெல்லாம் அறிந்த ஒரு பிள்ளை, நாயகர் மூழ்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்கலங்க மாட்டாள். எந்த இதழில் திரும்பி வருவார் என்று கேட்பாள். இன்னொரு தடையும் உண்டு. வாலிக்குக் கிடைத்தது மாதந்தோறும் வரும் இதழ். ஆண்டுக்கு இரண்டு இதழ் போடும் நாங்கள் அதே பொறுமையைக் கேட்டால், இன்று படிக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் முடித்துவிடுவார்கள்.

மூன்றாவது வழி, முன்னவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத புதியவரைக் கொண்டுவருவது. 1994இல், ஆற்றல் மோதிரம் அணிந்து போரிடும் வீரரான கிரீன் லேன்டர்னின் கதையில் இது நடந்தது. தம் ஊரான கோஸ்ட் சிட்டி அழிந்து எழுபது இலட்சம் மக்கள் மாண்ட துயரத்தில், கிரீன் லேன்டர்னாக இருந்த ஹால் ஜோர்டன் மனம் பேதலித்து, உடன் பணியாற்றிய வீரர்களையே வீழ்த்தி வில்லனாக மாறுகிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் வாசகர்கள் நேசித்த ஒருவரின் வீழ்ச்சி மூன்றே இதழ்களில் முடிந்துவிட்டது. கடைசியாக எஞ்சிய ஒரு மோதிரம், கைல் ரேய்னர் என்ற இளம் ஓவியர் கையில், அவர் தற்செயலாக அங்கே நின்றார் என்பதற்காகவே வந்து சேர்கிறது. கைல் நல்ல படைப்பு. அச்சமும் குழப்பமும் உள்ள அவர், அந்தப் பத்தாண்டில் படிக்கத் தொடங்கிய பலருக்கு முதல் கிரீன் லேன்டர்னாக ஆனார். ஆனால் பழைய வாசகர்கள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தனர். அவர்களுடைய சினம் கைல் மீது எழுந்ததைவிட, ஹாலுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பின் மீது எழுந்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன். வாசகர் இழவு காக்கும் வீட்டில் வாரிசுக்கு இறந்தவர் யார் என்றே தெரியவில்லை. 2004இல் ஹால் மீட்கப்பட்டபோது, அவருடைய குற்றங்களுக்கு வேறொரு தீய ஆற்றலே காரணம் என்று கதையைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

வேண்டுமென்றே தகுதியற்ற வாரிசை நிறுத்தி, பழையவரின் அருமையை உணர்த்தும் வழியும் உண்டு. 1993இல் பேன் என்ற எதிரி பேட்மேனின் முதுகெலும்பை முறித்தபோது அந்த உடையை அணிந்த ஜான் பால் வேலி வன்முறையில் இறங்கியதும், மறு ஆண்டே பேட்மேனான புரூஸ் வெய்ன் நலம்பெற்று உடையை மீட்டதும் அவ்வகை. எங்களுக்கு இது உதவாது; திரும்பி வர அண்ணனின் நாயகர் இங்கே காத்திருக்கப் போவதில்லை.

தற்காலிகக் காவலராக ஒருவரை நிறுத்துவது அடுத்த வழி. தமிழ் வாசகருக்கு இதைப் பரதன் என்ற ஒற்றைப் பெயரில் விளக்கிவிடலாம். அரியணையில் அண்ணனின் பாதுகையை வைத்து, நந்திக்கிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் ஆட்சிக் கடமையை மட்டும் செய்தவனை நமக்குத் தெரியும். ராபின் என்பது பேட்மேனின் இளம் துணைவருக்கு உரிய பெயர். முதல் ராபினான டிக் கிரேசன் 2009 முதல் ஏறத்தாழ ஈராண்டு காலம் பேட்மேனாக இருந்தபோது அவரிடம் அந்தப் பரதத்தன்மை இருந்தது. முன்னவரை மதித்தார், ஆனால் அவரைப் போல இறுகிய முகத்தோடு இல்லாமல் தம் இயல்பான சிரிப்போடு அந்தப் பணியைச் செய்தார், புரூஸின் மகன் டேமியனை ராபினாக வைத்து வழிகாட்டினார். அந்த இதழ்களைப் பேட்மேன் கதைகளிலேயே இனிமையானவை என்று கருதுபவன் நான். இருந்தாலும் காவலர் கதைக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இராமன் வருவான் என்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரியும். வரவே போகாத ஒருவருக்காகப் பாதுகையை வைத்திருக்கச் சொல்வது, எங்கள் வாரிசுக்கு நாங்கள் செய்யும் கொடுமையாகிவிடும்.

இருவரையும் ஒன்றாக வைத்திருக்கும் வழியை மைல்ஸ் மொராலஸ் நினைவூட்டுகிறார். 2011இல் அவர் ஸ்பைடர்மேன் ஆனபோது மாண்டது மார்வெல் நிறுவனத்தின் முதன்மைக் கதை உலகில் ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டர் பார்க்கர் அல்லர். 2000இல் தொடங்கப்பட்ட இணை வரிசையின் இளம் பீட்டர். மூலவர் மற்றோர் இதழில் நலமாக இருந்ததால், புதியவரைத் துணிந்து முன்னிறுத்த முடிந்தது. கருப்பினத் தந்தைக்கும் புவெர்ட்டோ ரிக்கோ தாய்க்கும் பிறந்த அந்தச் சிறுவனைப் பற்றிய அன்றைய சர்ச்சை பெரும்பாலும் நிறத்தைச் சுற்றியே நடந்தது. கதையை மெய்யாகத் தாங்கி நின்றதோ வேறொரு காட்சி. தனக்கும் அதே ஆற்றல் வந்திருப்பதை அறிந்தும் வெளியே சொல்லாமல் இருந்த மைல்ஸ், பீட்டர் சாகும் இடத்துக்கு ஓடி வருகிறான், காலம் கடந்துவிட்டது. முன்பே வந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற உறுத்தல்தான் அவனை அந்த உடைக்குள் தள்ளுகிறது. பின்னாளில் இருவரும் ஒரே உலகில் ஒரே பெயரோடு இயங்கினார்கள். பெரிய நிறுவனத்துக்கு அது இயலும். இருபத்து நான்கு பக்கங்களுக்குள் இரண்டு நாயகர்களை வைத்தால், எங்களிடம் இரண்டு அரை நாயகர்கள்தான் இருப்பார்கள்.

இதுவரை சொன்ன வழிகளை இறப்பா, ஓய்வா, புதியவரா, பழகியவரா என்று பிரித்துப் பார்த்தேன். ஆனால் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை அந்தப் பிரிவுகள் விளக்கவில்லை. விடையை நோக்கி என்னை நகர்த்தியது இரண்டாம், மூன்றாம் ராபின்களின் கதை. இருவரும் ஒரே பேட்மேனுக்கு அருகில், ஒரே பெயரில், சில ஆண்டு இடைவெளியில் வந்தவர்கள். ஆகவே இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைக்காது.

டிக் கிரேசன் வளர்ந்து தனி வழியில் செல்லத் தொடங்கிய காலத்தில், 1983இல் ஜேசன் டாட் வந்தான். தொடக்கத்தில் அவனும் சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை. ஏறக்குறைய டிக்கின் நகல். அது சுவைக்கவில்லை என்று, சில ஆண்டுகளில் பேட்மேன் காரின் சக்கரத்தைத் திருடும் தெருச் சிறுவனாக அவனுடைய பிறப்பையே மாற்றி எழுதினார்கள். இரண்டு வடிவத்திலும் அவன் காலியாக இருந்த இடத்தை நிரப்ப வந்தவன். 1988இல், ஜோக்கரிடம் சிக்கிய அவன் பிழைக்கலாமா, சாகலாமா என்று வாசகர்களைத் தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள். ஓர் அழைப்புக்கு ஐம்பது காசு. பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்புகள்; சாகட்டும் என்று 5,343. எழுபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஒரு சிறுவனைக் கொன்றார்கள். இந்த எண்களை நான் முதன்முதலில் படித்தபோது அடைந்த அதிர்ச்சி இன்னும் நீங்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த டிம் டிரேக் எப்படி வந்தான் என்று பாருங்கள். மிகச் சிறு வயதில் சர்க்கஸ் பார்க்கப் போய், டிக்கின் பெற்றோர் கயிறு அறுந்து விழுந்து மாண்ட இரவை அரங்கில் அமர்ந்து கண்ட பிள்ளை அவன். பின்னொரு நாள் தொலைக்காட்சியில் ராபின் காற்றில் நான்கு முறை சுழல்வதைப் பார்த்து, அந்த வித்தை தெரிந்தவர் டிக் ஒருவர்தான் என்பதை நினைவுகூர்ந்து, முகமூடிக்குப் பின்னால் இருப்பவர்களைத் தானே கண்டுபிடித்துவிடுகிறான். கண்டுபிடித்தும் யாரிடமும் சொல்லாமல், அவர்களுடைய வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் செய்தித்தாள்களில் பின்தொடர்கிறான். ஜேசன் இறந்த துயரத்தில் பேட்மேன் நிலைகுலைவதைக் கண்டு, அவன் முதலில் போய் நிற்பது டிக்கின் முன்னால். தன்னை ராபினாக்குமாறு கேட்கவில்லை. "நீங்கள் திரும்பி வர வேண்டும்" என்பதே அவன் கொண்டுவந்த வேண்டுகோள். டிக் மறுத்த பிறகு, வேறு வழியின்றித்தான் உடையை எடுக்கிறான். வாசகரும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்! வாசகரின் மனக்குறையை வாரிசே தன் வாயால் சொல்லிவிட்ட பின், வாசகருக்கு அவனிடம் என்ன பகை இருக்க முடியும்?

இந்தக் கண் கொண்டு பார்த்தால் மற்றவையும் விளங்குகின்றன. வாலி, பேரிக்காகத் தன் வேகத்தையே அடக்கிக்கொண்டவர். மைல்ஸ், பீட்டரின் சாவுக்குத் தானும் பொறுப்பு என்று மருகியவன். கைலுக்கு அத்தகைய உறவு எதையும் அவருடைய ஆசிரியர்கள் கொடுத்தனுப்பவில்லை. அவர் தம் சொந்த நற்குணத்தால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள நேர்ந்தது. வாரிசு ஆணா பெண்ணா, எந்த இனம், எந்த நிறம் என்பதெல்லாம் முதல் இதழின் பேச்சு. முன்னவரை வாரிசு நேசித்தாரா, அவர் போனதில் வாசகரோடு சேர்ந்து துக்கப்பட்டாரா என்பதுதான் பத்தாவது இதழிலும் நிற்கும்.

ஆகவே நான் முன்மொழிவது கடைசி வழி: முன்னவர் உயிரோடு இருக்கும்போதே, அவரை நேசித்து வளர்ந்த ஒருவர் பெயரை ஏற்பது. இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு கமலா கான். கேரல் டேன்வர்ஸ் 2012இல் கேப்டன் மார்வெல் என்ற உயர்ந்த பெயருக்கு மாறியதால், மிஸ் மார்வெல் என்ற பழைய பெயர் யாரும் சாகாமலே காலியாக இருந்தது. 2014இல் அதை எடுத்துக்கொண்டவள் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண். அறை முழுக்க கேரலை வைத்துக் கொண்டாடும் ரசிகை. ஆற்றல் வந்ததும் அவள் முதலில் கேரலாகவே உருமாறுகிறாள்: பொன்னிறக் கூந்தல், பழைய உடை, உயரமான காலணி. அந்த உடை இடுப்பில் உறுத்துகிறது, கூந்தல் கண்ணை மறைக்கிறது. ஆசைப்பட்ட உருவம் தனக்குப் பொருந்தவில்லை என்பதை உணர்ந்து, வீட்டில் கிடந்த புர்கினி நீச்சல் உடையை வெட்டித் தனக்கென்று ஓர் உடுப்பு செய்கிறாள். நம் பிள்ளைகள் பலரும் இந்த அனுபவத்தை உடையில் இல்லாவிட்டாலும் மொழியில் அறிந்தவர்கள். தாத்தாவின் தமிழை அப்படியே பேச முயன்று, வாயில் நிற்காமல், தமக்கு வரும் தமிழில் பேசத் தொடங்குகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதான். பழம்பெரும் சான்று வேண்டுமானால் 1956க்குப் போகலாம். 1940இல் தோன்றிய முதல் ஃப்ளாஷான ஜே கேரிக்கின் படக்கதையைச் சிறு வயதில் படித்ததால்தான் பேரி ஆலன் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். 1961இல் இருவரும் நேரில் சந்தித்தும் கொண்டனர். அமெரிக்கப் படக்கதையின் புகழ்பெற்ற முதல் வாரிசே ஒரு வாசகர்தான்.

உயிரோடு இருக்கும் முன்னவரால் வரும் தொல்லையை நான் மறைக்கவில்லை. வாரிசு இடரில் சிக்கும் ஒவ்வொரு முறையும், பெரியவர் ஏன் வந்து உதவவில்லை என்று வாசகர் கேட்பார். கேரல் பெரும்பாலும் விண்வெளியில் இருந்தார். ஜே வேறோர் உலகில் இருந்தார். எங்கள் நாயகர் ஈசூனில் அடுக்குமாடி வீட்டில் அல்லவா இருக்கிறார்! இந்தத் தடையில்தான் எங்கள் பேச்சு இரண்டு வாரம் நின்றுபோனது.

அதைத் தீர்த்தவர் வண்ணம் தீட்டும் மாணவிதான். பழைய இதழ்களின் கடற்காட்சிகளைக் கணினியில் ஏற்றும்போது, மரீனா விரிகுடாவுக்குக் கடைசியாக நாயகர் எப்போது போனார் என்று அவர் தேடியிருக்கிறார். நாங்கள் நால்வரும் மறந்திருந்த ஒன்றை அவர் சொன்னார்: மரீனா அணைக்கட்டு 2008இல் திறக்கப்பட்ட பிறகு, அந்த விரிகுடா மெல்ல மெல்ல நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் இன்று போய்ச் சேர்வது கடலை அன்று, குடிநீர்த் தேக்கத்தை. உப்புநீரில் மட்டுமே மூச்சுவிடத் தெரிந்த எங்கள் நாயகர், நகரின் நடுப்பகுதிக்குள் அதற்குப் பிறகு நுழையவே முடிந்திருக்காது. நாங்கள் அதை எழுதாமலே விட்டுவிட்டோம். இனி எழுதலாம். அணைக்கு வெளியே கடல் அவருடையது. உள்ளே இருக்கும் நீரில் அவர் ஒரு சாதாரண மனிதர், இறங்கினால் மூழ்கிவிடுவார்.

வாரிசும் எங்களிடம் முன்பே இருக்கிறாள். 2009 தீபாவளிக்கு வந்த பதின்மூன்றாம் இதழில், சாங்கி கடற்கரையில் அலை இழுத்துக்கொண்டு போன ஐந்து வயதுக் குழந்தை ஒருத்தியை நாயகர் தூக்கிவந்து மணலில் கிடத்துவார். ஒரே ஒரு பக்கம்; பெயர்கூட வைக்கவில்லை. அவளுக்கு இப்போது இருபத்தொரு வயது இருக்கும். அன்று முதல் கடலைக் கண்டால் அஞ்சுபவளாகவும், தன்னைத் தூக்கியவரைப் பற்றிய துணுக்குகளைச் சேர்த்து வைப்பவளாகவும், காலாங் ஆற்றங்கரையில் ஒரு மாலை கால் வழுக்கி விழுந்தபோது நன்னீருக்குள் தனக்கு மூச்சு வருவதை அறிபவளாகவும் அவளை எழுதலாம் என்பது என் பரிந்துரை. மூன்று இதழ்கள் போதும். முதல் இதழில் அவள் அவரைத் தேடிப் போய், நடு நகரத்துக்கு மீண்டும் வருமாறு கேட்கட்டும். இரண்டாவதில் அவர் ஏன் வர இயலாது என்பதைத் தேக்கத்தின் படிக்கட்டில் நின்று காட்டட்டும். மூன்றாவதில் அவள் இறங்கட்டும். அவருடைய முகமூடியை அவள் அணியக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். அது அண்ணனின் கோட்டோடு நிற்கட்டும். அவளுக்கு வேறொன்றை மாணவி வரைவார்.

தமிழாசிரியை அக்கா இன்னும் முழுமையாக உடன்படவில்லை. இரண்டாம் இதழின் படிக்கட்டுக் காட்சியில், நாயகர் ஒரு கணமாவது உயிருக்குப் போராட வேண்டும், இல்லாவிட்டால் இழப்பின் எடை வராது என்கிறார். அதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த இதழ் வரை தம் கை ஒத்துழைக்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். படிக்கட்டின் கடைசிப் படியில் நாயகர் நனைந்த உடையோடு உட்கார்ந்திருக்கும் படத்துக்கு மட்டும், முகமூடி விளிம்பு சற்று விலகியிருந்தாலும் வெள்ளை மை பூசித் திருத்தக் கூடாது என்று நாங்கள் மூவரும் அவரிடம் கேட்டுக்கொண்டோம்.